காராமணித் தேமலின் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியவர்களுக்கு

கொடுங்கையூர், மூலக்கடை, மாதவரம் பக்கத்து மாடித்தோட்ட நண்பர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பட்டத்தில் போட்ட கொடிக் காராமணி நம்மில் பலருடைய மாடியிலும் ஒரே மாதிரி கெட்டுப்போனது. இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தேமல், ஓரங்களில் சுருட்டல், கோணிச் சிறுத்த காய்கள். சத்துக் குறை என்றார்கள் சிலர். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகைதான் என்றார்கள் பலர். அந்தப் புகைமேல் வடசென்னைக்காரர்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் இந்தத் தேமலுக்குக் காரணம் விதையோடு வந்த வைரஸ் என்று இப்போது உறுதியாகிவிட்டது. அதை உறுதிசெய்து கொடுத்தவர்களுக்குத்தான் இந்த நன்றி.

முதலில், தாவர நோயியலில் ஆராய்ச்சி செய்யும் மூலக்கடைத் தங்கைக்கு. போட்டோவைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். அதிலேயே அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. மாடி மாடியாக ஏறி இளம் இலைகளைத் தனித்தனிப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். நல்ல நாற்றின் இலைமேல், நுண்ணிய கீறல் விழவைக்கும் கார்போரண்டம் தூளைத் தூவி, நோய்ச்செடியின் சாற்றை மெல்லத் தேய்த்தார். அந்த நாற்றுக்கும் தேமல் வந்தது. சத்துக் குறையோ புகையோ சாற்றின் வழியே அடுத்த செடிக்குப் போகாது, இல்லையா?

வைரஸின் புரதத்தை அடையாளம் காணும் எலைசா சோதனையில், இது பொட்டிவைரஸ் என்ற செடி வைரஸ் இனத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அங்கேயே நின்றிருக்கலாம், அவர் நிற்கவில்லை. இந்த இனத்தில் காராமணியைத் தாக்கும் இரண்டு உண்டு: அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வழித் தேமல் வைரஸும், அவரைப் பொதுத் தேமல் வைரஸின் காராமணி வகையும். இரண்டும் இலையில் காட்டும் அடையாளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வைரஸின் மரபுப்பொருளைப் படியெடுத்துப் பெருக்கும் ஆர்டி பிசிஆர் செய்து, வைரஸின் உறைப் புரதத்துக்கான மரபணு வரிசையைப் படித்த பிறகே, இது இரண்டாவது வகை என்றார்.

பட்டாணியிலும் இதே இனத்து வைரஸ் ஒன்று விதையிலும் அசுவினியிலும் பரவுகிறதாம். விதைப் பரிமாற்றத்தோடு அது பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. செடியின் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வைரஸ் பெருகும். சில பட்டாணி ரகங்களில் அந்தப் புரதம் கொஞ்சம் மாறியிருப்பதால் வைரஸுக்குப் பிடி கிடைப்பதில்லை. இதையெல்லாம் எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து, வீட்டுப் பிள்ளைகளுக்கும் புரியும்படி அவர் சொன்னது பெரிய கொடை.

அடுத்து, நமக்கெல்லாம் அந்தக் காராமணி விதையைக் கொடுத்த மீஞ்சூர் அம்மா. உண்மையில் அவருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். பல வருஷமாகக் காப்பாற்றிய விதையைச் சந்தேகிக்கிறோம் என்று போய்ச் சொல்ல எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. "நல்லா பாத்துச் சொல்லுங்கம்மா, தப்பா இருந்தா நானே எடுத்துடறேன்" என்று கைநிறைய அள்ளிக் கொடுத்தார். வலைக்குள் முளைக்கவிட்டதில், அசுவினி அண்டாமலே சில நாற்றுகளின் முதல் இலைகளில் தேமல் தெரிந்தது. விதையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, அதனால் இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. சொன்னபடியே டப்பா முழுவதையும் அழித்துவிட்டார். அம்மா, அந்த மனசுக்குக் கோடி நன்றி.

காய் பிடித்திருந்த கொடிகளையும் பிடுங்கிப் போட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி. வைரஸ் பிடித்த செடிக்கு மருந்து கிடையாது. அசுவினி சில நொடி உறிஞ்சினாலே வைரஸை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும், பூச்சிமருந்து வேலை செய்வதற்குள் தொற்று நடந்து முடிந்துவிடும். அதனால் உங்கள் கொடி போனது வீணில்லை, பக்கத்து மாடிகள் பிழைத்தன. அப்புறம், பள்ளிக்கூடம் விட்டு வந்து சோதனை நாற்றுகளுக்கு நீர் ஊற்றிய பிள்ளைகளுக்கும் அன்பும் நன்றியும்.

அந்த விதையை வாங்கிக்கொண்டு போய் இன்னும் விதைக்காமல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து விதைக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். சோதித்துத் தேறிய செடிகளிலிருந்து எடுத்த விதை கொஞ்சம் இருக்கிறது. சொல்லியனுப்புங்கள், பகிர்ந்துகொள்வோம்.

அன்புடன்,
கொடுங்கையூர் மாடித்தோட்டக்காரி ஒருத்தி