மலைக்கோயில் பேட்டரி மானிட்டர் திருப்பணி: நிறைவு அறிக்கை

முருகப்பெருமான் திருவருளால், திருப்பணிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற தை மாதக் கூட்டத்தில் இந்தப் பணிக்கு ஒப்புதல் கேட்டபோது, "திருப்பணி என்றால் கோபுரம், மண்டபம், படிக்கட்டு. மீட்டர் வாங்குவதும் திருப்பணியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மின்வாரியக் கம்பி வராத நம் மலையில் 2018 முதல் விளக்கும் தண்ணீரும் சோலாரை நம்பியே இருக்கின்றன. இந்த ஏழு ஆண்டுகளில் பேட்டரிகளை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம். இரண்டு முறையும் விற்றவரைத்தான் திட்டினோம். இப்போது யோசித்தால் அந்தத் திட்டில் பாதி நமக்குச் சேர வேண்டியது.

இருந்த நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டு வோல்ட், 150 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) கொண்ட நான்கு டியூபுலர் பேட்டரிகள். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரண்டு வரிசைகளையும் பக்க இணைப்பில் சேர்த்ததால் மொத்தம் 24 வோல்ட், 300 ஆம்பியர்-மணி. அதில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட இன்வெர்ட்டர் முகப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று சிறு விளக்குகள் மட்டும். அவை பார்ப்பது வோல்டேஜை. வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது பாதி காலியான பேட்டரியும் பச்சை காட்டும். தண்ணீர் மோட்டாரைப் போட்டால் நிறைந்த பேட்டரியும் சிவப்புக்கு இறங்கும். மோட்டாரை நிறுத்தினால் மறுபடியும் பச்சை. "பேட்டரி தேறிவிட்டது" என்று சொல்லி நாமும் அடுத்த சுவிட்சைப் போடுவோம். போன மார்கழியில் மூன்று நாட்கள் விடியற்காலைப் பூஜை அகல் விளக்கொளியில் மட்டும் நடந்தது இப்படித்தான்.

பேட்டரி மானிட்டர் செய்யும் வேலை வேறு. பேட்டரிக்குள் எவ்வளவு போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்குப்பிள்ளை மாதிரி நொடிக்கு நொடி எழுதிவைக்கிறது. அதற்காக நெகட்டிவ் வழியில் ஷண்ட் என்ற உலோகத் துண்டு ஒன்று உட்காருகிறது. நாம் வைத்திருப்பது 500 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட் காட்டும் வகை. கோயில் விளக்குகளுக்கு 12 ஆம்பியர் ஓடும்போது அதன் இரு முனைகளுக்கும் நடுவே கிடைப்பது 1.2 மில்லிவோல்ட்தான். அந்தத் துளி வித்தியாசத்தை அளந்துதான் முழுக் கணக்கும் நடக்கிறது.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மாசி முதல் வாரத்தில் வேலை நடந்தது. ஸ்பேனர்களுக்குக் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிய பிறகே எலக்ட்ரீஷியன் தம்பி பேட்டரியைத் தொட்டார். மாலைக்குள் வேலை முடிந்தது, சூடமும் காட்டியாயிற்று. குழுவும் நிம்மதியாக மலையிறங்கியது.

மூன்றாம் நாள் பூசாரி ஐயாவிடமிருந்து போன் வந்தது. "வெயில் இப்படிக் கொளுத்துகிறதே தம்பி, இது மட்டும் ஏன் கழித்துக்கொண்டே இருக்கிறது?" ஏறிப் போய்ப் பார்த்தால், உச்சி வேளையில் திரையில் மைனஸ் 6 ஆம்பியர். மிச்சம் 61 சதவீதம். ஆனால் பேட்டரி மூடியருகே காதை வைத்தால் உள்ளே குமிழி வெடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நிறைந்து கொதிக்கும் பேட்டரியைத்தான் அது பாதி காலி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

குற்றவாளி, ரேக்குக்குப் பின்னால் ஓடிய ஒரு கறுப்புக் கம்பி. சோலாரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரின் நெகட்டிவ் பழையபடி நேரே பேட்டரி முனையிலேயே இருந்துவிட்டது. செலவு ஷண்ட் வழியாகப் போகிறது, வரவு கொல்லைப்புறமாக வருகிறது. கணக்கு எப்படி நேராகும்? பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஷண்டுக்குப் போகும் ஒரே கம்பியைத் தவிர வேறெதுவும் அங்கே இருக்கக்கூடாது. மற்ற நெகட்டிவ் எல்லாம் ஷண்டின் மறுபக்கம். கம்பியை மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. இதற்குத் தனியாகக் கூலி வாங்கத் தம்பி மறுத்துவிட்டார். நாங்களும் பின்னால் எட்டிப் பார்க்காமல்தான் சூடம் காட்டினோம் என்பதையும் பதிவு செய்கிறோம்.

அடுத்தது செட்டிங். பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டால் பேட்டரி 200 ஆம்பியர்-மணி என்று அது நினைத்துக்கொள்ளும். 300 என்று மாற்றினோம். 'பேட்டரி நிறைந்துவிட்டது' என்று எப்போது முடிவு செய்வது என்பதில்தான் ஒரு வாரம் போயிற்று. வோல்டேஜ் ஒரு அளவைத் தாண்ட வேண்டும், உள்ளே போகும் கரன்ட் கொள்ளளவில் நான்கு சதவீதத்துக்குக் கீழ் இறங்க வேண்டும், இரண்டும் சில நிமிடம் நீடிக்க வேண்டும். நமக்கு நான்கு சதவீதம் என்றால் 12 ஆம்பியர். ஆனால் மலையில் திடீரென்று மேகம் மூடினாலும் கரன்ட் 12-க்குக் கீழே வந்துவிடும். அந்த நேரத்தில் வோல்டேஜும் முழுதாக இறங்கியிருக்காது. ஒரு நாள் காலை 10 மணிக்கே, மேகம் கடந்த கையோடு, மீட்டர் 72-லிருந்து நூறுக்குத் தாவிவிட்டது. வோல்டேஜ் வரம்பை 26.4-லிருந்து 28.4-க்கு உயர்த்தினோம், நம் கன்ட்ரோலர் முழுச் சார்ஜில் கொடுப்பது 28.8. நேரத்தையும் மூன்று நிமிடத்திலிருந்து பத்தாக்கினோம். அதன் பிறகு தாவல் இல்லை.

இன்னும் இரண்டு எண்கள். உள்ளே போவதெல்லாம் திரும்பி வராது. களத்தில் அளந்த நெல் நூறு மரக்கால் என்றால் குதிரில் சேருவது குறைவுதான். அந்தச் சேதாரக் கணக்கில், நூறு உள்ளே போனால் திரும்பி வருவது 95 என்று வைத்திருந்தார்கள். பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் சோதித்துப் பார்த்து 90 ஆக்கினோம். மற்றொன்று பியூக்கர்ட் எண், 1.25. வேகமாக இறைத்தால் ஊற்றுக் கிணறு முழுத் தண்ணீரையும் தராது அல்லவா, பேட்டரிக்கும் அந்தக் கணக்குதான்.

மீட்டர் சொன்ன முதல் செய்தி எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பூஜை நேரத்தில் அடிக்கும் மின் முரசுதான் பேட்டரியைத் தின்கிறது என்று எல்லோரும் நம்பினோம். அதை நிறுத்தக்கூடச் சொன்னோம். முரசு ஓடும்போது 15 ஆம்பியர் இழுப்பது உண்மை. ஆனால் ஓடுவது ஐந்தே நிமிடம். ஒன்றேகால் ஆம்பியர்-மணிக்கு மேல் போகவில்லை. இரவு எல்லா விளக்கையும் அணைத்துப் பூட்டிய பிறகு திரையைப் பார்த்தால் மைனஸ் 1.6. சுமையே இல்லாமல் விழித்திருக்கும் இன்வெர்ட்டர் தனக்காக எடுத்துக்கொள்வது அது. விடிவதற்குள் பத்து மணி நேரத்தில் 16 ஆம்பியர்-மணி! ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு இரவும் இது போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது அர்த்தஜாமம் முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைத்துவிடுகிறோம். படிக்கட்டு முகப்புக்கு மட்டும் 24 வோல்ட்டில் நேராக எரியும் ஒரு சிறு எல்.இ.டி. போட்டிருக்கிறது. தண்ணீர் மோட்டார் 28 ஆம்பியர் இழுக்கிறது. அதை மாலையில் ஓட்டும் வழக்கத்தை நிறுத்தி, காலை 11 மணிக்கு வெயிலிலேயே ஓட்டுகிறோம். முரசு பழையபடி முழங்குகிறது. ஆடிக் கிருத்திகை இரவு, இத்தனைக்கும் ஒலிபெருக்கி நள்ளிரவு வரை ஓடியும், பேட்டரி மிச்சம் 58 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஐம்பதுக்குக் கீழே விடுவதில்லை என்பது குழுவின் தீர்மானம்.

வரவு செலவு: உறுப்பினர் நன்கொடையும் உண்டியல் ஒதுக்கீடும் சேர்ந்து ரூ. 42,050. மானிட்டரும் ஷண்டும் ரூ. 19,800, கேபிள், லக், ஃபியூஸ் ரூ. 6,450; எலக்ட்ரீஷியன் கூலி ரூ. 4,500, மேலே சுமந்து சென்றவர்களுக்கு ரூ. 1,800, ஷண்டுக்கும் திரைக்குமான மரப்பெட்டி ரூ. 2,200, ஹைட்ரோமீட்டர், டிஸ்டில்டு வாட்டர் ரூ. 1,150, சாப்பாடு ரூ. 900. ஆக மொத்தம் ரூ. 36,800. கையிருப்பு ரூ. 5,250, அடுத்த பேட்டரி நிதியில் சேர்க்கப்பட்டது. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

மடப்பள்ளிச் சுவரில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. காலை 6 மணி எண்ணையும் மாலை 6 மணி எண்ணையும் பூசாரி ஐயா அதில் எழுதி வருகிறார். மலையேறும் உறுப்பினர்கள் பார்க்கலாம். செட்டிங் பொத்தான்களை மட்டும் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம். சித்திரையில் ஒருவர் தொட்டதைச் சரிசெய்யவே ஒரு நாள் பிடித்தது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு