வாடகைக்காரர்களையும் கேட்டு எழுதுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-இல் முடிகிறது. அடுத்தது 2046 வரைக்கும். அதற்குள், இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை தனக்கென்று வாடகை வீடு தேடும் வயதுக்கு வந்திருக்கும். அந்தத் திட்டத்தில் வீடுகளைப் பற்றி எழுதும்போது, வாடகைக்கு இருக்கும் எங்களையும் கேட்டு எழுதுங்கள்.

வரைவை வெளியிட்ட பிறகு ஆட்சேபணை சொல்ல, 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் குறைந்தது 2 மாத அவகாசம் தருகிறது. சரி, மனு போடுவது யார்? பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவர்கள். தங்கள் மனை எந்த நிலப் பயன்பாட்டு மண்டலத்தில் விழுகிறது என்று பார்த்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் உண்டு. வியாசர்பாடியில் ஒற்றை அறையில் குடியிருந்து வீட்டுவேலைக்குப் போகிறவருக்கு சர்வே எண்ணே கிடையாது. அவர் எதை வைத்து மனு எழுதுவார்?

கேட்காமல் கட்டியதன் விளைவைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் பார்க்கிறோம். கூவம் கரையில் இருந்த குடும்பங்களை சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது, பக்கத்தில் இருந்த வேலை போனது. படிப்பாண்டின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிக்கூடமும் போனது.

இதே சென்னையில் வேறு விதமாகவும் செய்திருக்கிறோம். 1970-களின் கடைசியில் உலக வங்கிக் கடனுதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், பிறகு முகப்பேரில் மனை பிரித்து, சாலையும் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் கொடுத்தார்கள். சின்ன மனையும் பெரிய மனையும் ஒரே இடத்தில் கலந்திருந்தன. வீட்டைக் கட்டியது அந்தந்தக் குடும்பம். முதலில் ஒரு அறை, கையில் காசு சேர்ந்ததும் இன்னொன்று, அப்புறம் மாடி, மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன். அரசு தானாக வாடகை வீடு எதையும் கட்டாமலேயே வாடகை வீடுகள் பெருகியது இப்படித்தான். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால், அது ஒரு காலத்தில் ஏழைகளுக்காகப் போட்ட திட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் கையிலேயே இருக்கும் இந்த அனுபவத்தை ஏன் கைவிட்டோம் என்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகவே, வரைவை இறுதி செய்யும் முன் சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளைக் கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில், தமிழில், அந்த வார்டின் வரைபடத்தை மட்டும் பெரிதாக விரித்து வைத்துப் பேசுங்கள். வாடகை எவ்வளவு, வேலை எங்கே, போய்வர எத்தனை ரூபாய் ஆகிறது என்று கேளுங்கள். மெட்ரோ பாதையை ஒட்டிக் கூடுதல் தளங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, அதில் ஒரு பங்கு சின்ன வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கிய மனைகள் எங்கே இருக்கின்றன, இப்போது யார் கையில் இருக்கின்றன என்ற பட்டியலையும் வெளியிடுங்கள்.

கூட்டங்களில் நாங்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். அதைப் படித்துவிட்டு மறுபடியும் பேச எங்களுக்கு ஒரு மாதம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னை வாடகைக்காரர் ஒருவர்