எங்கள் தெருவில் கோஷ்டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வேலூர் பக்கத்தில் 'கால்வாய் தகராறில் கோஷ்டி மோதல்' என்று ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. அது எங்கள் தெரு. நடந்தது இவ்வளவுதான். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் வாசலில் வண்டி ஏற்றுவதற்காகக் கால்வாய் மேல் கல்பலகை போட்டார். குப்பை அடைத்துக்கொண்டு சாக்கடைத் தண்ணீர் மற்றவர் வீட்டுப் படி ஏறியது. சத்தம் போட்டுக்கொண்டார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி உடைந்தது. சாயங்காலமே பலகையை நகர்த்திப் போட்டாகிவிட்டது.

செய்தியில் மற்றதெல்லாம் சரி. அந்த ஒரு சொல்தான் இடிக்கிறது. மறுநாள் டீக்கடையில், "சார், நீங்க எந்தக் கோஷ்டி?" என்று என்னைக் கேட்டார்கள். நான் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவன். அதற்கு ஒரு கோஷ்டி உண்டா தெரியவில்லை.

கோஷ்டி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது சோளிங்கரில், அம்மாவின் ஊருக்குப் போகும்போது. மார்கழி விடியற்காலையில் கோயிலில் திருப்பாவை சொல்ல இரண்டு வரிசையாக நிற்பார்களே, அதுதான் கோஷ்டி. எங்களைப் போன்ற பையன்களுக்குப் பாசுரத்தில் நாட்டம் கிடையாது. "கோஷ்டி முடிஞ்சுதா?" என்று மாமாவைப் பத்து தடவை கேட்போம். முடிந்தால் தீர்த்தம், சடாரி, அப்புறம் தொன்னையில் பொங்கல். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் யார் வேண்டுமானாலும் போய் நின்றுவிட முடியாது. நாங்கள் தூணுக்குப் பின்னால்தான் நின்றோம். ஆகவே அந்தச் சொல்லுக்குள் ஒரு கதவு அப்போதே இருந்தது.

வடமொழியில் 'கோஷ்ட' என்றால் மாடுகளைக் கட்டும் இடம். அதிலிருந்து வந்த கோஷ்டி, கூடிப் பேசும் சபை. (கோயில் சுவரில் சிலை வைக்கும் கோஷ்டம் வேறு சொல்.) ஒரே தொழுவம் என்பதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். காங்கிரஸ்காரர்கள் இந்தச் சொல்லைக் கெடுத்தார்கள் என்று சொல்வார்கள். ஆனால் அவர்கள் சரியாகத்தான் பயன்படுத்தினார்கள். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தலில் ராஜாஜி பக்கம் நிறுத்தியவரைச் சொற்ப ஓட்டில் தோற்கடித்து, சத்தியமூர்த்தி பக்கத்திலிருந்து காமராஜர் ஜெயித்தார். எல்லோரும் ஒரே கட்சி, ஒரே கொடி, ஒரே கதர். உள்ளே மட்டும் இரண்டு. கோஷ்டி என்றால் அதுதான். ஒரு கூரை வேண்டும், அந்தக் கூரைக்குள் ஒரு தடுப்பு வேண்டும். எதிர் வீட்டுக்காரனோடு சண்டை போட்டால் அது கோஷ்டி ஆகாது.

உங்கள் நிருபருக்குச் சொல் பஞ்சமா என்றால், இல்லவே இல்லை. 'கும்பல்' இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். பத்திரிகையில் கும்பல் என்றால் கொள்ளைக் கும்பல், மர்மக் கும்பல். எங்கள் பக்கம் "பஸ் ஒரே கும்பல்" என்றால் நிற்க இடமில்லை, அவ்வளவுதான். 'கேங்' என்று என் பேத்தி தன் காலேஜ் சிநேகிதிகளைச் சொல்கிறாள். காட்பாடி, ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பங்களில் கேங் என்றால் தண்டவாளத்தில் வேலை செய்கிற ஆட்கள். கேங்மேன் வீடு என்று பெருமையாகவே சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது 'ஜமா'. தெருக்கூத்துக் குழுவுக்கு வட ஆற்காட்டில் ஜமா என்றுதான் பேர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பதென்றால், எந்த ஜமாவுக்கு அச்சாரம் கொடுப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் ராத்திரி வரை பேசுவார்கள். விடிய விடிய மல்லுக்கு நிற்கும் பீமனும் துரியோதனனும் ஒரே ஜமாதான். முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு ஒரே வேனில் ஊர் போய்ச் சேருவார்கள். உருதுவில் ஜமா என்றால் சேர்ப்பது, சேர்ந்தது. பள்ளிவாசல் ஜமாத்துக்கும் அதே வேர். தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் ஜமாபந்தி என்று பட்டா மனுக்களோடு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்களே, அந்த ஜமாவும் இதுதான். அங்கே அது சேர வேண்டிய நிலவரி. முப்பது வருஷத்துக்கு மேல் ஜமாபந்திக் கணக்கு எழுதியவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'குழு' என்று எழுதினால் கௌரவமாக இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இன்று கௌரவம்தான். மகளிர் சுயஉதவிக் குழு, தேர்வுக் குழு, வல்லுநர் குழு. ஆனால் வள்ளுவர் 'பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்' இல்லாததே நாடு என்றார் (குறள் 735). அவர் காலத்துக் குழு நம் காலத்துக் கோஷ்டி. கோயிலில் இருந்த சொல் தெருச்சண்டைக்கு வந்துவிட்டது. வள்ளுவர் திட்டிய சொல் இன்று பாங்கில் கடன் வாங்குகிறது.

சரி, உள்ளே விடாத கூட்டத்துக்கு இங்கே ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? 'செட்டு' என்கிறார்கள். "அவங்க ஒரு செட்டு" என்றால் நமக்கு அங்கே இடமில்லை என்று அர்த்தம். என் வீட்டம்மா தினமும் என்னிடம் சொல்வது, "உங்க செட்டு கிளம்பியாச்சு, போங்க."

காலையில் கோட்டைப் பூங்காவில் நடக்கிற நாங்கள் ஐந்து பேர். நடப்பது கால் மணி, அகழிப் பக்கமாக உட்கார்ந்து பேசுவது ஒரு மணி. பெஞ்சில் ஐந்து பேருக்கு இடம். யாராவது வரத் தாமதமானால் அந்த இடத்தில் கைக்குட்டையைப் போட்டு வைப்போம். போன மாதம் புதிதாக ஒருவர், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர் போல, கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, "ஆள் வராங்களா?" என்று கேட்டார். வருகிறார் என்றோம். அவர் போனார். அன்று அந்த ஐந்தாவது ஆள் வரவே இல்லை. மகளைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தார். அது எங்கள் நாலு பேருக்கும் முந்தின நாளே தெரியும்.

இங்கே அடிதடி இல்லை, வாளி உடையவில்லை. பெட்டிச் செய்தி போட ஒன்றுமில்லை. ஆனால் கோஷ்டி என்ற அந்தச் சொல்லை எங்கேயாவது வைத்தே தீர வேண்டும் என்றால், அந்தப் பெஞ்சில் வையுங்கள்.

எங்கள் தெரு விஷயத்துக்கு 'இரு தரப்பினர்' போதும். 'இரண்டு வீட்டார்' என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அடுத்த வாரம் ஒரு வீட்டில் மஞ்சள் நீராட்டு. எதிர் வீட்டுக்குப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. கோஷ்டி என்று அச்சில் வந்ததால், வைக்கலாமா கூடாதா என்று மட்டும் இரண்டு நாள் யோசித்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் ஊழியர் ஒருவர்,
வேலப்பாடி, வேலூர்.