காலனிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தின, குடியரசு தினக் கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. மூன்றாம் தெருவில் விளக்குகள் மாற்றப்பட்டன. செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டு, நான்கு முறை போதிய ஆள் இல்லாமல் கலைந்தது.

கண்மாய்க் கரை விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாகமலை அடிவாரத்தில் யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல் ஆவாரை தானாக வளர்கிறது. ஆடு மாடு கடிக்காது, வறட்சிக்கும் வாடாது. நம் கரையிலும் காலனி வந்த நாளிலிருந்து நின்றது. பாம்பு அடைகிறது என்று உறுப்பினர்கள் சிலர் சொன்னதால் புரட்டாசியில் சீமைக்கருவேலத்தை எடுக்க ஜேசிபி வைத்தோம். அது ஆவாரையையும் வேரோடு வாரிவிட்டது. வெட்டியிருந்தால்கூட அடிக்கட்டை துளிர்த்திருக்கும். நான் அன்று திருமங்கலத்தில் கல்யாண வீட்டில் இருந்தேன். கரையில் நிற்க ஒப்புக்கொண்ட இருவரும் வரவில்லை. "இதை விட்டுருப்பா" என்று கைகாட்ட ஓர் ஆள் போதும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட பூளைப்பூ, வேப்பிலையோடு ஆவாரம்பூவையும் காசு கொடுத்து வாங்கினோம். எனக்கு அது பெரிய வருத்தம்.

ஐப்பசி மழைக்கு முன்பே நாகமலை ஓரம் காய்ந்த நெற்றுகளைப் பறித்து, விதையை வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கரையில் ஊன்றினேன். தோல் கெட்டி, ஊறவைக்காமல் போட்டால் முளைப்பது அரிது. பன்னிரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள், மூன்று பேர் வந்தார்கள். "நர்சரியில் தங்க அரளி வாங்கி வைத்தால் என்ன, அதுவும் மஞ்சள்தானே" என்று ஒருவர் கேட்டார். அது வெளிநாட்டுச் செடி. ஆவாரையின் இலைக்காம்பு அடியில் காது மடல் போல இரண்டு சிற்றிலைகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது. இப்போது கரையில் சாண் உயரத்தில் கன்றுகள் நிற்கின்றன. களை எடுக்கிறேன் என்று யாரும் கைவைக்க வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவுக்கு மேல் சிறு தொகை கையிருப்பு உள்ளது. சந்தா பாக்கி அதைவிட அதிகம். ஜேசிபி வாடகையில் ஒரு பகுதி இன்னும் என் கைப்பணம்தான். தலைவர், பொருளாளர், காவலாளி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கன்றுகளைச் சுற்றி முள்வேலியும் "வெட்டாதீர்கள்" என்று ஒரு தகரப் பலகையும் வைக்க உத்தேசம். பாக்கி வந்தால் இரண்டும் நடக்கும். பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றாலும் மகிழ்வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை 6 மணிக்கு நான் மம்பட்டியோடு கரையில் இருப்பேன்.