சனிக்கிழமை பழவேற்காடு இரவு நடை

எல்லோருக்கும் வணக்கம். மதியம் 2 மணிக்குத் திருவொற்றியூர் ஸ்டேஷனில் கூடுவோம். பொன்னேரி வரை மின்சார ரயில், அப்புறம் பஸ். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து கரையோரமாக நடை. இரவு தெரிந்த மீனவர் வீட்டு மொட்டை மாடியில் தங்கல்.

பிள்ளைகளிடம் முக்கியமாகச் சொல்லுங்கள்: இது பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும் காலம். ஒரு குழியில் 100 முட்டை போலப் போடும். வெளிச்சத்தைக் கண்டு மிரண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். போன் ஃபிளாஷ் கூடவே கூடாது.

நீச்சல் தெரிந்தாலும் கடலில் இறங்க வேண்டாம், முகத்துவாரம் பக்கம் இழுப்பு அதிகம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், போர்வை, புளிசாதம். போன முறை சின்னவர்களை அவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட பெரிய பிள்ளைகளே இந்த முறை முன்னால் நடக்கட்டும். வருகிறவர்கள் வியாழனுக்குள் பெயர் போடுங்கள்.