அம்மாவுக்கு, சிகாகோ பக்கத்திலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் கவினும் தம்பி வீட்டாரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. போனில் கத்தினாலும் உனக்குக் காதில் விழுவதில்லை, தம்பி பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் எனக்கும் வாய் வருவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கவினை வாசித்துக் காட்டச் சொல். கடைசிப் பக்கத்தை மட்டும் கண்ணாடி போட்டு நீயே வாசி.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஜனவரியில் ஒரு வாரம் மைனஸ் 20-க்குப் போனது. மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்து மொறுமொறு என்கிறது. பள்ளிக்கு நடந்துதான் போகிறேன். நடந்தால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று டாக்டரே சொன்னாரே. 16 வயதானால் இங்கே பிள்ளைகளுக்கு லைசென்ஸ். பதினோராம் வகுப்புப் பையன்கள் காரில் என்னைக் கடந்து போகிறார்கள், கண்ணாடியை இறக்கிக் கை காட்டுகிறார்கள். கார் வாங்கலாம்தான், என்ன அவசரம்?

பள்ளி பெரிது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மட்டுமே, அதிலேயே 2,000 பிள்ளைகளுக்கு மேல். நம் ஊர் போல வாத்தியார் வகுப்பு வகுப்பாகப் போவதில்லை. அறை எனக்கு, மணி அடித்தால் பிள்ளைகள் மாறுவார்கள். ஐந்து நிமிடம் வராந்தாவில் திருவிழாக் கூட்டம், அப்புறம் ஒரு சத்தமில்லை. உள்ளே போனால் யாரும் எழுந்து நிற்பதில்லை. காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்லும்போதும் ஒரு பையன் உட்கார்ந்தே இருந்தான். அதட்டப் போனேன். பக்கத்து அறைச் சரித்திர வாத்தியார் மெல்லக் கூப்பிட்டு, சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது என்றார். மார்க்கையும் வகுப்பில் உரக்க வாசித்துவிட முடியாது. ஒருவன் மார்க் இன்னொருவனுக்குத் தெரியக் கூடாது. நம் ஹெட்மாஸ்டர் இங்கே வந்தால் ஒரு வாரம் தாங்க மாட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரம் 10.50-க்கே வந்துவிடுகிறது. பீட்சா, ஒரு டப்பா பால். தட்டில் பழமோ காயோ வைத்தே ஆகவேண்டும் என்பது அரசாங்க விதி. பிள்ளைகள் ஆப்பிளை எடுத்து வைக்கிறார்கள், நேரே குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது. பரிமாறும் அம்மாள் எனக்கு இரண்டு எடுத்துத் தருகிறாள். தினமும் பழம் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

கீழ்வீட்டுப் போலந்துக்காரக் கிழவியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மாடியை எனக்கு வாடகைக்கு விட்டவள். இங்கே பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு ஊர்க்காரர்களின் வீட்டு வரியில் வருகிறது. வரி நோட்டீஸ் வந்த அன்று படியேறி வந்து, பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். "உன் சம்பளம் என் பையிலிருந்துதான்" என்று திட்டிவிட்டுப் போனவள், மறுநாள் ஒரு கிண்ணம் பியரோகி கொண்டுவந்து வைத்தாள். உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரிதான், உப்பு மட்டும் கம்மி. மார்ச் முதல் திங்கள் இந்த மாநிலத்தில் புலாஸ்கி நாள். அமெரிக்க விடுதலைப் போரில் அடிபட்டு 1779-இல் செத்த போலந்துப் படைத் தலைவர். அவரைத் தன் சொந்தத் தாய்மாமன் போலவே பேசுகிறாள். ஹீட்டரை ஏன் குறைத்து வைக்கிறாய் என்றும் கேட்கிறாள். எனக்கு வெக்கை ஆகாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் பெற்றோர் சந்திப்பு. ஆளுக்கு ஐந்து நிமிடம். வரிசையில் ஒரு தமிழ்க்காரம்மா, மதுரைப் பக்கமாம். உட்கார்ந்ததும் மகன் மார்க்கைக் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அம்மா. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தேன். அவள் ஐந்து நிமிடமும் அப்படியே போயிற்று. வீட்டுக்கு வந்து தேங்காய்ப்பால் டின்னை உடைத்துச் சொதி வைத்தேன். இஞ்சிப் பச்சடி இல்லாமல் அது என்ன சொதி? பாதியைக் கொட்டினேன். கவின் இப்போதும் தட்டோரம் முருங்கைக்காயை ஒதுக்குகிறானா? தலை வாருகிறானா? போட்டோவில் தோள் அகன்று தெரிகிறது.

அவனுக்கு அடுத்த மாதம் பொதுத்தேர்வு. கணக்கில் வடிவியலை விட்டுவிடாதே என்று சொல். அவன் அப்பா மஸ்கட்டிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறார், மே மாதம் லீவு கிடைத்தால் வருவாராம்.

இனி உனக்கு மட்டும்.

கால்வாய்க்கரை வயலை விற்கத் தம்பி ஆள் பார்த்திருப்பதாகச் சித்தப்பா சொன்னார். நீ எழுதவில்லை. கேட்டால், "செல்வி வரட்டும்" என்று ஒரே பேச்சாகச் சொல். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதே, மருமகள் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டு கேட்டாலும். பிசானம் அறுத்ததும் நம் பங்கு நெல்லை வீட்டிலேயே இறக்கச் சொல்.

கூட்டுறவு வங்கி நகைக்கு இப்போது வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொள். அசலில் கொஞ்சம் ஏப்ரலில் அனுப்புகிறேன். ஜூன், ஜூலையில் பள்ளி கிடையாது, சம்பளமும் கிடையாது, அந்த இரண்டு மாதமும் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று தம்பியிடம் பக்குவமாகச் சொல்லிவை. ரசீதைப் பீரோவில் வைக்காதே, சாவி மருமகள் இடுப்பில் இருக்கிறது. அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் ட்ரங்குப் பெட்டியில் வை.

உன் மகள்,
செல்வி