இரண்டில் ஒன்றா?

அன்பு மகளுக்கு,

நடிப்பா, எழுத்தா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று உன் நாடகக் குழுவின் இயக்குநர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அம்மாவும் அவர் பக்கம்தான். நான் இல்லை.

பிரிஸ்டலிலிருந்து பாத் நகருக்கு நீ சைக்கிளில் போகும் பழைய ரயில் பாதையில் மாங்கொட்ஸ்ஃபீல்ட் நிலையத்தின் எஞ்சிய சுவர்களைப் பார்த்திருப்பாய். ஆர்னல்ட் ரிட்லி என்ற நடிகர் ஒரு முறை அங்கே மணிக்கணக்காக அகப்பட்டுக் கிடந்தார். நிலையத்துக்குள் வராமல் பக்கத்து வளைவில் ஓடிய ரயிலின் இரைச்சல் நெருங்கி வந்து கடந்து போவதுபோலக் கேட்டது; ரயிலைத்தான் காணவில்லை. அதிலிருந்து பிறந்தது 'த கோஸ்ட் ட்ரெயின்' (பேய் ரயில்) என்ற நாடகம். முதல் உலகப் போரில் பட்ட காயங்களால் மேடையை விட்டு, தகப்பனின் சப்பாத்துக் கடையில் நின்றவர், 1923இல் அதை எழுதினார். 1925இல் லண்டன் மேடைக்கு வந்து 600 காட்சிகளுக்கு மேல் ஓடியது.

அந்த நாடகத்தில் ரயிலை ஓட்டியது எப்படித் தெரியுமா? திரைக்குப் பின்னால் மரச்சட்டங்களின் மேல், புல்தரையைச் சமன்செய்யும் தோட்ட உருளையை உருட்டினார்கள், மேளம் தட்டினார்கள், தகரத் தகட்டை அதிரவைத்தார்கள். மேசையோடு மட்டும் பழகியவர் அந்த இடத்தில் பேய்க்குப் பத்துப் பக்க வசனம் எழுதியிருப்பார். இருட்டில் தன் முறைக்காகக் காத்து நின்று, சபை எந்தச் சத்தத்துக்கு மூச்சைப் பிடிக்கிறது என்று கவனித்தவருக்குத்தான் உருளை போதும் என்று தெரியும். உன் இரண்டாம் காட்சியில் அந்தக் கதவு தட்டப்படும் இடம் நன்றாக வந்திருப்பதும் நீ நடிப்பதால்தான். இயக்குநரிடம் அதைச் சொல்.

எழுத்து நடிப்புக்கு என்ன தந்தது என்று கேட்பாய். ரிட்லி முப்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். ஆனாலும் இரண்டாம் உலகப் போர்க் கால ஊர்க்காவல் படையைப் பற்றிய 'டாட்ஸ் ஆர்மி' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் கொட்ஃப்ரி என்ற சாதுக் கிழவராகத்தான் இந்த நாடு அவரை நினைக்கிறது. 1968இல் தொடங்கும்போது அவருக்கு வயது 72. பெரும்பாலும் ஓரமாக நிற்பார், சிறுநீர் கழிக்கப் போகலாமா என்று பணிவாகக் கேட்பார், அவ்வளவுதான். அடுத்தவரின் வசனத்தைத் தட்டிப் பறிக்கவே மாட்டார். ஒரு வரி எங்கே விழவேண்டும் என்று எழுதிப் பழகியவரின் பொறுமை அது என்பது என் எண்ணம். ஒரு பகுதியில், முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவன் நான் என்று கொட்ஃப்ரி ஒப்புக்கொள்வார். அதைச் சொன்ன மனிதரோ 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் துப்பாக்கி ஈட்டியால் குத்துப்பட்டவர். முகத்தில் அதைக் காட்டவே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு.

ஆனால் பணம் வேறு விஷயம். 1930களில் ரிட்லி திரைப்பட நிறுவனம் தொடங்கினார். பின்னால் நின்ற வங்கி விழ, நிறுவனமும் விழுந்தது. ஆகவே இரண்டையும் செய், மகள், ஆனால் நடிப்புக்கும் எழுத்துக்கும் தனித்தனிச் சம்பளம் என்பதை இயக்குநரிடம் கையெழுத்தோடு வாங்கிக்கொள். அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா